கல்லில் எழுந்த கலை – 9: டாமரிண்ட் தெருப் பட்டறை

கல்லச்சாளர் லிண்டன் கிஸ்ட்லரின் உடம்பு அமிலத்தை ஏற்க மறுத்த இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். கல்லச்சு வேலையில் அமிலமும் கரைப்பானும் இல்லாமல் ஒரு நாளும் கழியாது. ஒவ்வாமை வந்துவிட்டால் அந்தத் தொழிலில் நீடிக்க வழியே இல்லை. 1950களில் கிஸ்ட்லர் கல்லில் அச்சிடுவதைக் கைவிட்டார். லாஸ் ஏஞ்சலிஸில் ஓர் அச்சகம் ஒரு வேலையை நிறுத்தியது, அவ்வளவுதானே என்று ஊர் நினைத்திருக்கும். 1948 முதல் அவரோடு சேர்ந்து கல்லச்சுகள் செய்துவந்த ஓவியர் ஜூன் வேய்னுக்குத்தான் போக்கிடம் இல்லாமல் போயிற்று.

வரைவது ஓவியர்தானே, அச்சாளர் இல்லாவிட்டால் என்ன என்று கேட்கலாம். பட்டறைக்குள் ஒருமுறை நின்று பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

ஜெர்மனியின் பவேரியாவில் உள்ள சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக் கல்தான் இதற்கு ஆதாரம். மேசைமேல் கிடக்கும் அந்தக் கனத்த பலகைக் கல்லின் மீது தண்ணீரும் கார்பொரண்டம் தூளும் போட்டு, இரும்புத் தட்டைச் சுழற்றிச் சுழற்றி அச்சாளர் தேய்க்கிறார். பழைய ஓவியத்தின் கொழுப்பு சுவடில்லாமல் போகும்வரை தேய்க்க வேண்டும். பிறகு ஓவியர் வருகிறார். மெழுகும் சோப்பும் கரியும் கலந்த குச்சியால் வரைகிறார். கை கல்லில் படக்கூடாது. விரல் பட்ட இடத்தில் தோலின் எண்ணெய் இறங்கி, அச்சில் அதுவும் கறையாக வந்து நிற்கும். வரைந்து முடித்ததும் அச்சாளர் வேலம்பிசின் கரைசலில் நைட்ரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகக் கலக்கிறார். எத்தனை சொட்டு? அழுத்தமான கோட்டுக்கு ஓர் அளவு, புகைபோல் படர்ந்த சாயலுக்கு வேறோர் அளவு. மஞ்சள் கல்லுக்கும் சாம்பல் கல்லுக்கும்கூடக் கணக்கு மாறும். ஒரு சொட்டு கூடினால் மெல்லிய சாயல் எரிந்துபோகும். குறைந்தால் படம் முழுவதும் கறுத்து அடைத்துக்கொள்ளும்.

இதற்கு அடுத்த கட்டத்தில்தான் புதிதாக வரும் ஓவியர்கள் பதறிவிடுவார்கள். அச்சாளர் டர்பன்டைனை ஊற்றித் துடைப்பார். நாள்கணக்கில் வரைந்த ஓவியம் கண்ணெதிரே மறைந்துவிடும். கல்லில் மிஞ்சுவது கண்ணுக்கு எட்டியும் எட்டாத ஒரு நிழல்தான். ஸ்பாஞ்சால் தண்ணீர் தடவி, மை உருளையை ஓட்டும்போது கோடு கோடாகப் படம் திரும்பி வரும். கொழுப்பு இறங்கிய இடம் மையைப் பிடித்துக்கொள்ளும், ஈரமான இடம் மையை விரட்டிவிடும். 1790களின் இறுதியில் ஆலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த அதே எளிய பகைதான், தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் உள்ள பகை. ஆனால் அந்த எளிமையைக் கட்டி ஆள, வருடக்கணக்கில் பழகிய கை வேண்டும்.

அந்தக் கைகள்தான் அமெரிக்காவில் அருகிக்கொண்டிருந்தன.

காரணம் ஒன்றல்ல. வணிக அச்சகங்கள் உலோகத் தகட்டுக்கும் ஆஃப்செட் இயந்திரத்துக்கும் மாறிவிட்டன. கற்கள் கொல்லைப்புறத்துக்குப் போயின, சில இடங்களில் நடைபாதைக்குப் போயின. பழைய தொழிலாளிகள் ஓய்வுபெற்றார்கள், அவர்கள் இடத்துக்கு யாரும் பழகவில்லை. நியூயார்க்கில் பெல்லோஸ் போன்ற ஓவியர்களுக்கு அச்சிட்டுக் கொடுத்த ஜார்ஜ் மில்லர் முதுமையில் இருந்தார். போதாக்குறைக்கு, அன்று நியூயார்க்கை ஆண்ட அரூப ஓவியர்கள் பெரிய கான்வாஸின் முன் நின்று நேரடியாக வண்ணத்தை வீசியவர்கள். கல், அமிலம், காத்திருப்பு, நடுவில் இன்னொரு மனிதர் என்ற ஏற்பாடு பலருக்கு உவக்கவில்லை. கல்லச்சு என்றாலே சுவரொட்டி, மலிவுப் படம், விளம்பரம் என்ற எண்ணம் வேறு. இந்த எண்ணம் நமக்கும் புதிதல்ல. 1894இல் பம்பாயில் ரவி வர்மா தொடங்கிய அச்சகம் வீட்டுக்கு வீடு சாமி படங்களைக் கொண்டுசேர்த்தது. அந்தப் புகழே கல்லச்சுக்குக் கலை மதிப்பு இல்லை என்ற முத்திரையையும் குத்திவிட்டது.

செதுக்கலச்சுக்கு இந்தக் கதி நேரவில்லை. அதற்கு ஹேய்டர் இருந்தார். பாரிஸில் அவர் நடத்திய அட்லியே 17 பட்டறையையும், சென்னைக் கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்துவிட்டு ஐரோப்பா போய் அங்கே சேர்ந்த கிருஷ்ணா ரெட்டியையும் முன்னரே பார்த்தோம். உலோகத் தகட்டை ஓவியரே தனியாகச் செதுக்கலாம், தானே அச்சிடவும் பழகலாம். கல்லச்சுக்கு இரண்டு பேர் வேண்டும். ஹேய்டரின் வழி இங்கே செல்லாது.

ஜூன் வேய்ன் பாரிஸுக்குப் புறப்பட்டார்.

அவரைப் பற்றி இரண்டு வரி. 1918இல் சிகாகோவில் பிறந்தவர். பெண்களுக்கான கச்சைகளை ஊர் ஊராக விற்று வந்த தாய் ஒற்றை ஆளாக வளர்த்த பிள்ளை. 15 வயதில் பள்ளியை விட்டார், 17 வயதில் முதல் கண்காட்சி வைத்தார், அடுத்த ஆண்டு மெக்சிகோ அரசு அழைத்து அவர் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தது. அனுமதி கேட்டு நிற்கும் பழக்கம் அவருக்கு எப்போதும் இருந்ததில்லை.

1957, 58இல் பாரிஸில் மார்செல் துராசியே என்ற தேர்ந்த அச்சாளரோடு அவர் வேலைசெய்தார். ஆங்கிலக் கவி ஜான் டன்னின் காதல் கவிதைகளுக்குக் கல்லச்சுகள் வரைந்து ஒரு கலைநூலை உருவாக்கினார். வேலை அருமையாக வந்தது. ஆனால் அங்கே அவர் கண்ட இன்னொன்றும் அவரை உறுத்தியது. பாரிஸின் அச்சாளர்கள் தொழில் ரகசியத்தை விட்டுக்கொடுக்காதவர்கள். எந்தக் கல்லுக்கு எத்தனை சொட்டு அமிலம் என்பது எழுத்தில் கிடையாது. ஆசானின் கண்ணிலும் கையிலும் இருக்கும். ஆசான் போனால் அதுவும் போகும். அந்தப் பட்டறைகளிலும் வயதானவர்களே மிகுந்திருந்தார்கள். அமெரிக்காவில் முடிந்துபோனது ஐரோப்பாவிலும் முடியப்போகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

அந்தப் பயணங்களின் காலத்தில் நியூயார்க்கில் ஒரு சந்திப்பு நடந்தது. ஃபோர்டு அறக்கட்டளையின் கலைப் பிரிவை நடத்திய மெக்நீல் லௌரியை வேய்ன் பார்த்தார். ஒரு கல்லச்சு செய்ய அமெரிக்க ஓவியர் கடல் தாண்டிப் போக வேண்டியிருக்கிறதே என்று அவரிடமே முறையிட்டார். லௌரி மறுக்கவுமில்லை, வாக்குறுதி கொடுக்கவுமில்லை. என்ன செய்யலாம் என்று நீங்களே எழுதித் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

இந்த வரலாற்றின் திருப்பம் அந்தக் காகிதத்தில் இருக்கிறது. 1959இல் வேய்ன் கொடுத்த திட்டத்தைப் படிப்பவர்கள், ஓர் ஓவியர் தனக்காகவும் சக ஓவியர்களுக்காகவும் உதவி கேட்பார் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். அவர் பட்டியலில் முதலில் இருந்தது ஓவியர் அல்ல. தேர்ந்த அச்சாளர்களின் ஒரு தலைமுறையை உருவாக்க வேண்டும் என்பதுதான் முதல் இலக்கு. பல பாணி ஓவியர்களைக் கல்லுக்குப் பழக்குவது, ஓவியரையும் அச்சாளரையும் இணையாக வேலைசெய்ய வைப்பது, அச்சுகளுக்குச் சந்தை உண்டாக்குவது, உதவிப் பணம் நின்ற பிறகும் அச்சாளர் தன் தொழிலால் பிழைக்க வழி காண்பது எல்லாம் அதற்குப் பின்னால்தான் வந்தன. கல்லச்சை அவர் அழிவின் விளிம்பில் இருந்த வூப்பிங் கிரேன் என்ற வெள்ளைப் பெருங்கொக்கோடு ஒப்பிட்டுப் பேசினார். உலகிலேயே 36 கொக்குகள்தான் மிச்சம், அவற்றைப் பாதுகாப்பான இடத்தில் வைத்துப் பெருக்கிப் பிறகு தாமாகப் பிழைக்க விட வேண்டும், இந்தக் கலைக்கும் அதுதான் வழி என்பது அவர் வாதம்.

அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. 1960இல், ஹாலிவுட்டில் டாமரிண்ட் அவென்யூவில் வேய்னின் ஓவியக் கூடம் இருந்த இடத்திலேயே டாமரிண்ட் கல்லச்சுப் பட்டறை திறந்தது. துணை இயக்குநராக ஓவியர் கிளின்டன் ஆடம்ஸ் சேர்ந்தார்.

பணம் வந்துவிட்டது. இடம் இருந்தது. கல்லும் இயந்திரமும் தேடிப் பிடித்தாயிற்று. அச்சாளர்களை உருவாக்கும் பட்டறைக்கு முதல் அச்சாளர் எங்கே?

இண்டியானாபொலிஸ் நகரின் ஜான் ஹெரன் கலைப் பள்ளியில் அதற்கான ஆள் இருந்தார். ஆர்மீனிய வம்சாவளியில் வந்த காரோ ஆன்ட்ரேசியன். கல்லச்சு கற்பிக்க ஆளில்லாத காலத்தில் பெரும்பாலும் தானே முட்டிமோதிப் பழகியவர். அது குறையல்ல, பெரும் பலமாக முடிந்தது. ஆசானிடம் கற்றவர், ஆசான் சொன்னபடி செய்வார். தானாகக் கற்றவர் ஏன் என்று கேட்பார். தொழில்நுட்ப இயக்குநராகப் பொறுப்பேற்ற ஆன்ட்ரேசியன் அமிலத்தின் அளவையும் மையின் கெட்டித்தன்மையையும் காகிதத்தின் ஈரத்தையும் சோதித்துக் குறித்துவைக்கத் தொடங்கினார். கிஸ்ட்லரிடம் தொழில் கற்ற ஜோ ஃபங்க்கும் அங்கே வந்து சேர்ந்தார். லாஸ் ஏஞ்சலிஸில் அறுந்துபோன இழை இப்படி ஒருவர் வழியாகவாவது தொடர்ந்தது எனக்குப் பெரிய நிறைவு.

பட்டறையின் விதிகளை விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று உலகெங்கும் நல்ல அச்சோவியப் பட்டறைகள் கடைப்பிடிக்கும் ஒழுங்கில் பெரும் பங்கு அங்கே உறுதிப்பட்டது. அழைக்கப்பட்ட ஓவியர் பொதுவாக இரண்டு மாதம் தங்குவார், செலவு பட்டறையுடையது. சோதனை அச்சுகள் எடுத்து எடுத்துப் பார்த்து, இதுதான் சரி என்று ஓவியர் ஒன்றில் கையெழுத்திடுவார். அதன்பின் வரும் ஒவ்வொரு தாளும் அதற்கு இணையாக இருக்க வேண்டியது அச்சாளரின் பொறுப்பு. ஓவியருக்கு 20 பிரதிகள், பட்டறைக்கு 9. முடிந்ததும் கல்லில் உள்ள படத்தைச் சிதைத்து, அதற்குச் சாட்சியாக ஓர் அச்சு எடுத்து, கல்லைத் தேய்த்துவிடுவார்கள். பிறகு யாரும் ரகசியமாகக் கூடுதல் பிரதி எடுக்க முடியாது. எந்த மை, எந்தக் காகிதம், எத்தனை தாள் என்ற விவரங்களோடு ஓர் ஆவணமும் தயாராகும்.

இவற்றில் என்னை நிறுத்தியது காகிதத்தின் ஓரத்தில் இருக்கும் ஒரு சின்ன விஷயம். டாமரிண்ட் அச்சு ஒன்றைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், மையில்லாமல் அழுத்திப் பதித்த இரண்டு குறிகள் தெரியும். ஒன்று பட்டறையின் முத்திரை, பழைய ரசவாதிகள் கல்லைக் குறிக்கப் பயன்படுத்திய அடையாளம். மற்றொன்று அந்தத் தாளை அச்சிட்டவரின் சொந்த முத்திரை. நூறாண்டுக்கு மேலாக அச்சாளரின் பெயர் பெரும்பாலும் ஓவியரின் கையெழுத்துக்குப் பின்னால் மறைந்தே கிடந்தது. வேய்ன் தானே ஓவியர், தன் கையெழுத்தின் மதிப்பு அறிந்தவர். அந்தத் தாளில் இன்னொருவருக்கும் இடம் உண்டு என்பதை ஒரு விதியாகவே நிலைநாட்டினார். அவர் வரைந்த எதையும்விட இதைத்தான் நான் அவருடைய பெரிய சாதனையாக மதிக்கிறேன். பத்து ஆண்டுகளின் பெரும் பகுதியைத் தன் ஓவியத்திலிருந்து பறித்து அவர் இதற்குக் கொடுத்தார்.

ஓவியர்கள் வந்தார்கள். எல்லோரும் ஆசையோடு வந்ததாகச் சொல்ல முடியாது. 1963இல் சிற்பி லூயிஸ் நெவெல்சன் வந்தபோது அவருக்கு அச்சுக் கலையில் பெரிய நாட்டமில்லை. நியூயார்க்கின் நெருக்கடிகளிலிருந்து தப்பிக்க ஓர் இடம் தேவைப்பட்டது, செலவை யாரோ ஏற்கிறார்கள் என்பதால் ஒப்புக்கொண்டார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. குச்சியை ஒதுக்கிவிட்டுச் சல்லாத்துணியையும் பின்னல் சரிகையையும் துணித் துண்டுகளையும் கல்லின்மேல் பயன்படுத்தினார். துணியின் நெசவு அப்படியே கறுப்பில் எழுந்து வந்தது. 26 கல்லச்சுகள் முடித்துவிட்டுத்தான் கிளம்பினார். அதுவரை அங்கே வந்தவர்களில் யாரும் அத்தனை செய்ததில்லை.

அதே ஆண்டு யோசஃப் ஆல்பர்ஸ் வந்தார், கூடவே மனைவி ஆன்னி. ஜெர்மனியின் பௌஹௌஸ் பள்ளியில் நெசவு கற்று, உலகம் மதிக்கும் நெசவுக் கலைஞராக உயர்ந்தவர் ஆன்னி ஆல்பர்ஸ். அழைப்பு கணவருக்குத்தான். ஓவியர்களின் மனைவிமார் இப்படிக் கூட வந்து, வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம். வேய்ன் அவரையும் ஒரு கல்லின் முன் உட்காரச் சொன்னார். 64 வயதை எட்டிக்கொண்டிருந்த ஆன்னி நூலையே கோடாக்கி வரைந்தார். முடிச்சும் பின்னலுமாக ஓடும் கோடுகளில் ஒரு தொகுப்பு 1964இல் வெளிவந்தது. தறியில் நூல் எப்போதும் குறுக்கும் நெடுக்கும்தான் போக முடியும். கல்லில் அது நினைத்த பக்கம் திரும்பியது. சில ஆண்டுகளில் அவர் தறியையே விட்டுவிட்டு முழுநேர அச்சோவியர் ஆனார். ஓர் அழைப்பு ஒரு வாழ்க்கையின் பிற்பகுதி முழுவதையும் மாற்றியது.

ரூத் அசாவா, ரூஃபினோ தமாயோ, சாம் ஃபிரான்சிஸ், ரிச்சர்ட் டீபென்கார்ன், எட் ரஷே என்று பெயர்கள் நீளும். பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய 2,900 அச்சுப் பதிப்புகள். ஆனால் முதல் இலக்கு அச்சாளர் அல்லவா? அது பலித்ததை, பட்டறையை விட்டு வெளியேறியவர்களைக் கொண்டுதான் அறிய வேண்டும். அர்வின் ஹாலண்டர் நியூயார்க் போய்ப் பட்டறை திறந்தார். ஜாக் லெமன் சிகாகோவில் திறந்தார். 1963இல் பயிற்சிக்கு வந்த கென்னத் டைலர், தொழில்நுட்ப இயக்குநர் பொறுப்புவரை உயர்ந்து, 1965இல் பிரிந்து போய் அதே லாஸ் ஏஞ்சலிஸில் ஜெமினி பட்டறையைத் தொடங்கினார். அவர் வேய்னின் அளவுகளையெல்லாம் உடைத்து எங்கே கொண்டுபோனார் என்பதற்குத் தனி அத்தியாயமே வேண்டும்.

1970இல் பட்டறை நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்துக்கு மாறி டாமரிண்ட் நிறுவனம் ஆயிற்று. அடுத்த ஆண்டே ஆன்ட்ரேசியனும் ஆடம்ஸும் சேர்ந்து எழுதிய கல்லச்சு நூல் வெளிவந்தது. பாரிஸ் ஆசான்கள் வாய்திறக்காத ரகசியங்கள் யாரும் வாங்கிப் படிக்கும் பக்கங்களாயின. தேவகோட்டையில் பிறந்து சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த ஆர்.எம். பழனியப்பன் 1991இல் கல்லச்சில் உயர்பயிற்சி பெற்றதும் இந்த டாமரிண்டில்தான்.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் ஓவியரோடு இணைந்து வேலைசெய்யத்தக்க கல்லச்சாளர் இல்லை என்ற வேய்னின் வாதம் முழு உண்மையல்ல. நியூயார்க்கில் ராபர்ட் பிளாக்பர்ன் என்ற கறுப்பினக் கலைஞர் 1940களின் இறுதியிலிருந்தே எல்லோருக்கும் திறந்த ஒரு கல்லச்சுப் பட்டறையை நடத்திவந்தார். அறக்கட்டளைகளின் கண்ணில் அவர் எளிதில் படவில்லை. வேய்னின் புகழைக் கொண்டாடுகிறவர்கள் பிளாக்பர்னையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

அந்தப் பிளாக்பர்ன்தான் நம்மை இப்போது கிழக்குக் கரைக்கு அழைத்துப்போகிறார்.

நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், வெஸ்ட் ஐஸ்லிப் என்ற ஊரில், தத்யானா குரோஸ்மன் என்ற பெண்மணி வாழ்ந்தார். ரஷ்யாவில் பிறந்தவர், நாஜிகளிடமிருந்து தப்பிக் கணவரோடு பிரனீஸ் மலையைக் கால்நடையாகக் கடந்து வந்தவர். ஓவியரான கணவருக்கு மாரடைப்பு வந்ததும் குடும்பப் பாரம் இவர் தலையில் விழுந்தது. அவருக்கு அச்சுத் தொழில் தெரியாது. ஆனால் வீட்டு முற்றத்தின் நடைபாதையில் பதித்திருந்த பலகைகளில் இரண்டு, கல்லச்சுக்கான கற்கள் என்று ஒரு நாள் தெரியவந்தது. 1957இல் அவற்றை வைத்தே ஒரு பதிப்பகம் தொடங்கினார். அச்சிட வந்தவர் பிளாக்பர்ன். வேய்னைப்போல இவருக்கு அறக்கட்டளையின் பெருங்கொடை கிடையாது, பயிற்சித் திட்டமும் கிடையாது. பிடித்த ஓவியரின் வீட்டுக்குக் கல்லை அனுப்பியாவது வரைய வைத்துவிடும் பிடிவாதம் மட்டும் இருந்தது.

கல்லில் வரைவதா, இந்த நூற்றாண்டிலா என்று தயங்கிய ராபர்ட் ராஷன்பெர்க்கையும் அவர் விடவில்லை. 1962 முடிந்து 63 பிறக்கும் குளிர்காலத்தில் ராஷன்பெர்க் வரைந்த ஒரு பெரிய கல் இயந்திரத்தில் ஏறியது. அழுத்தம் கொடுத்தார்கள். கல் விரிசல் விட்டு உடைந்தது.

வேறு கல் எடுத்தார்கள். ராஷன்பெர்க் மறுபடி உட்கார்ந்து வரைந்தார். பிசின், அமிலம், டர்பன்டைன், மை, எல்லாம் முதலிலிருந்து. இரண்டாவது கல்லும் இயந்திரத்துக்குள் போனது.

அதுவும் உடைந்தது.

கல் உடைந்தால் பதிப்பு முடிந்தது என்பதுதான் செனஃபெல்டர் காலத்திலிருந்து தொழிலின் சட்டம். அச்சாளர்கள் துண்டுகளை அப்புறப்படுத்தக் கை நீட்டினார்கள். ராஷன்பெர்க் தடுத்தார்.

(அடுத்த வாரம்: உடைந்த கல்லில் பிறந்த அச்சு)